வரைந்தவளுக்காக

எங்க ஊர்ப்பக்கக் கோயில்களில் டியூப்லைட் மேலேயே உபயதாரர் பெயரைச் சிவப்புப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். பெயர் இருக்கும் இடத்தில் வெளிச்சம் வராது. நாமக்கல் மலையடியில், எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அரங்கநாதர் குடைவரையிலும் ஒரு பெயர் உண்டு. கல்வெட்டு அதை ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்கிறது. அது அரசனின் பெயர். பாம்பின் மேல் படுத்திருக்கும் பெருமாளைச் செதுக்கியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால்தான் பிளாட்டில்லா நெல்லியின் கையெழுத்து என்னைப் பிடித்து நிறுத்தியது. 1524இல் ஃப்ளாரன்ஸில் பிறந்தவர். பதினான்கு வயதில் டொமினிக்கன் கன்னியர் மடத்துக்குள் போனார், பின்னாளில் அதன் தலைவியும் ஆனார். 1560களில் அந்த மடத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்காக இயேசுவின் கடைசி இராவுணவை வரைந்தார். கிட்டத்தட்ட ஏழு மீட்டர் நீளக் கேன்வாஸ். எங்க வீட்டு ஹாலில் அதை மாட்ட முடியாது. இடது மேல் மூலையில் தன் பெயரோடு லத்தீனில் இப்படி எழுதினார்: ‘ஓராத்தே ப்ரோ பிக்டோரா.’ வரைந்தவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

வசாரி 1568இல் வெளியிட்ட ஓவியர் வரலாற்றில் நெல்லிக்கும் இடம் கொடுத்தார். ஆண்களைப் போல ஆளை முன்னால் வைத்து வரைந்து பழகியிருந்தால் அற்புதங்கள் செய்திருப்பார் என்பது அவர் தீர்ப்பு. நியாயம்தான். ஆனால் இது கிரேஸ் மார்க். நானும் ரொம்ப வருஷம் பெண் கவிஞர்களை இப்படித்தான் படித்தேன். “அவங்க சூழலுக்கு நல்லாத்தான் எழுதியிருக்காங்க” என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் படிக்க வேண்டியதில்லை, இல்லையா?

கிரேஸ் மார்க்கை எடுத்துவிட்டுப் பார்ப்போம். முகங்கள் பலவீனம்தான். ஒன்றையே திருப்பித் திருப்பி வரைந்த மாதிரி சில இருக்கின்றன. லியனார்டோவின் படத்தில் ‘உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்’ என்ற சொல் மேசை முழுக்க அலையாக ஓடும். இங்கே அந்த அலை மெதுவாகத்தான் எழுகிறது.

ஆனால் திரையில் பெரிதாக்கி மேசைக்கு வாருங்கள். மடித்து வைத்திருந்த விரிப்பின் மடிப்புக்கோடுகள் அப்படியே தெரிகின்றன. வறுத்த ஆட்டுக்குட்டி, ரொட்டி, ஒயின், கீரை, பயறு. இந்த விரிப்பை வரைந்தவருக்கு அதை விரித்துப் பழக்கமிருக்கிறது. தினமும் இதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட கன்னியருக்கு இது அடுத்த மேசைதான்.

கத்தோலிக்க நம்பிக்கையில் குருத்துவம் பிறந்தது அந்த இரவில்தான். அந்தப் பீடத்தில் நின்று அப்பத்தை உயர்த்த ஒரு கன்னியருக்கு அனுமதி கிடையாது. அனுமதி இல்லாத ஒருத்தி, அந்தச் சடங்கு முதலில் ஒரு சாப்பாடாக இருந்தது என்று நினைவுபடுத்துகிறாள். குலதெய்வம் கோயிலில் அம்மாயி விடிய விடியச் சமைத்து இலை போடுவார், இடது ஓரம் உப்பு வைப்பதுவரை அவர் கை. தீபாராதனை காட்டுவது பூசாரி. அந்த இலையை யாராவது அம்மாயி பக்கமிருந்து வரைந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்.

நெப்போலியன் காலத்தில் மடம் மூடப்பட்டது. படம் சாந்தா மரியா நொவெல்லா மடத்துக்குப் போய், நெடுங்காலம் பொதுமக்கள் கண்ணில் படாமலே இருந்தது. நான்கு வருஷச் செப்பனிடலுக்குப் பிறகு 2019இல் அங்குள்ள அருங்காட்சியகத்தில் மாட்டினார்கள். அழுக்கு நீங்கியதும் அப்போஸ்தலர்களின் கைகளில் நரம்பு ஓடுவது தெரிந்தது. ஆளை வைத்துப் பழகாதவர் வரைந்த கைகள்!

‘பிக்டோர்’ என்ற ஆண்பால் சொல்லுக்குப் பெண்பால் முடிவு கொடுத்ததுதான் ‘பிக்டோரா’. மரியாதைக்காக ‘வரைந்தவர்’ என்று முதலில் மொழிபெயர்த்தேன். நம் ‘அர்’ விகுதியில் மரியாதை வந்தது, அவள் காணாமல் போனாள். அதனால் அழித்துவிட்டு ‘வரைந்தவள்’ என்று எழுதினேன். அவள் கேட்டுக்கொண்டது அப்படித்தான்.