மேலிருந்து படிக்கப்படும் புகை

செயற்கைக்கோள் படம் சாட்சியமா, பிரதியா? சூழலியல் பேசுகிற நம்மிடையே இந்தக் கேள்வி எழுவதேயில்லை. வரைபடத்தில் சிவப்புப் புள்ளியைக் கண்டதும் 'இதோ ஆதாரம்' என்று தூக்கிக் காட்டுகிறோம். கவிதையின் ஒரு வரியில் பேசுவது யார், யாரைப் பார்த்து என்றெல்லாம் மல்லுக்கட்டுகிற நாம், வானத்திலிருந்து வருவதை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம்.

அது எப்படிப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். நாசாவின் டெரா (1999), அக்வா (2002) இரண்டிலும் உள்ள மோடிஸ் கருவி வெப்பக்கதிரைக் கொண்டு தீயை அடையாளம் காண்கிறது. அதில் தீயைக் காட்டும் பிக்சலின் அளவு ஏறத்தாழ 1 கிலோமீட்டர். 2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபியின் விர்ஸ் கருவிக்கு 375 மீட்டர். புகையும் தூசியும் வேறு கணக்கு. புகைத்துகள் நுண்ணியது, பாலைத்தூசி பருமனானது. ஒளியைச் சிதறடிப்பதிலும் உறிஞ்சுவதிலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்தே இது தார்ப் பாலையின் தூசி, இது வயலின் புகை என்று பிரிக்கிறார்கள். ஆக, படம் எடுக்கப்படுவதோடு முடிவதில்லை. கணக்கிடப்பட்டு, பெயரிடப்பட்டு நம் கைக்கு வருகிறது.

பஞ்சாபை எடுத்துக்கொள்வோம். நெற்தாள் எரிப்புச் சம்பவங்கள் 2022இல் 49,922, 2023இல் 36,663, 2024இல் 10,909. இது அரசுக் கணக்கு. பெரிய வெற்றிதான். ஆனால் 2024 நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 490ஐத் தாண்டியது. அதற்கு முந்தைய மாதமே நாசாவில் பணியாற்றும் ஹிரேன் ஜெத்வா, தென்கொரியாவின் ஜியோ-காம்ப்சாட்-2ஏ படங்களைக் காட்டி ஒரு விஷயத்தைச் சொன்னார்: அக்வாவும் சுவோமி என்பிபியும் பிற்பகல் 1.30 மணியை ஒட்டிக் கடந்து போன பிறகுதான் பல வயல்களில் தீ வைக்கப்படுகிறது. தென்கொரியக் கோள் ஓரிடத்தில் நின்று நாள் முழுக்கப் பார்ப்பது. அதன் கண்ணுக்குத் தப்பவில்லை.

இங்கே வாசிக்க வேண்டியது என்ன? பார்க்கப்படுகிறவன், பார்க்கிறவனின் கடிகாரத்தைப் படித்துவிட்டான். கண்காணிப்பு அதிகாரத்துக்கு எதிரான தந்திரம் என்று இதைக் கொண்டாடிவிட நம்மில் சிலருக்குக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் புகை முதலில் போவது அவன் பிள்ளைகளின் நெஞ்சுக்குத்தான். நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த பஞ்சாப் சட்டம் நடவைத் தள்ளிப்போட்டது. அதனால் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவில் கிடைக்கும் நாட்கள் குறைந்தன. இந்த வரலாறு எந்தப் பிக்சலிலும் இல்லை. பிக்சலில் இருப்பது தீ மட்டும். 2024 நவம்பரில் இரட்டிப்பாக்கப்பட்ட அபராதம் (5 ஏக்கருக்கு மேல் என்றால் 30,000 ரூபாய்) அந்தத் தீயை மட்டுமே வாசிக்கிறது. டெல்லியின் கார்கள் தீப்புள்ளியாகத் தெரிவதில்லை. ஆகவே வரைபடத்தில் அவை குற்றவாளியும் இல்லை.

இன்னொன்று. படத்தில் மாநில எல்லை கிடையாது. கோடு பிறகு போடப்படுகிறது. பொதட்டூர்பேட்டைக்காரனான எனக்கு இது லேசான விஷயமாகப் படவில்லை. எங்கள் திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. போராட்டம், படாஸ்கர் பரிந்துரை எல்லாம் கடந்து கோடு இடம் மாறியது. காற்று மாறவில்லை. கோட்டைப் போட்ட பிறகுதான் புகை 'அவர்களுடையது' ஆகிறது.

எங்கள் ஊர் தறி ஊர். தறிக்கூடத்தில் புருவம் வெளுக்கப் பஞ்சுத்தூசி படியும். 'தூசியா? அது தறியோட பொறந்ததுதானே' என்பார்கள். பஞ்சுத்தூசியால் நெஞ்சு இறுகும் நோய்க்கு மருத்துவத்தில் பிசினோசிஸ் என்று பெயருண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலும் அது இடம்பெற்றது. ஆனால் கூரைக்குக் கீழே இருக்கும் தூசி எந்தக் கோளுக்கும் தெரியாது. வெட்டவெளியிலும் கோள் அளப்பது தரையிலிருந்து வான்வரை உள்ள மொத்தத் துகளைத்தான். மூக்கின் உயரத்தில் எவ்வளவு என்பது ஊகக் கணக்கு. அதைச் சரிபார்க்கத் தரையில் கருவி வேண்டும். அந்தக் கருவிகள் பெரும்பாலும் பெருநகரங்களில் குவிந்து கிடக்கின்றன.

இதனால் செயற்கைக்கோளே வேண்டாம், எல்லாம் அதிகாரத்தின் கண் என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். கணக்கு குறைந்ததாகச் சொல்லப்பட்டபோது கேள்வி எழுப்ப உதவியதும் இன்னொரு கோள்தான். ஒரு பிரதியை இன்னொரு பிரதி குறுக்குவிசாரணை செய்தது. நாம் செய்ய வேண்டியதும் அதுதான்: எத்தனை மணிக்கு எடுத்த படம், எதைக் காண்பதற்காகச் செய்த கருவி, கோட்டைப் போட்டது யார் என்று கேட்பது. கூடவே, தறிக்கூடத்துக்குள்ளும் வயலோரத்துப் பள்ளியிலும் காற்றை அளக்கும் கருவி வேண்டும் என்று கேட்பது. மேலிருந்து வரும் படத்தோடு வாதாட, கீழிருந்தும் ஒரு கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.