குறி வைத்தால் போதுமா?

மேசையின் இந்தப் பக்கம் ஒயிட் நைட். அந்தப் பக்கம் பிளாக் நைட். இரண்டும் 1993-இல் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ ஆட்டத்தின் முதல் தொகுப்புச் சீட்டுகள். இரண்டுக்கும் பலம் 2, தாங்குதிறன் 2. சண்டையென்று வந்தால் இரண்டுமே முந்திக்கொண்டு வெட்டும். வெள்ளை வீரனுக்குக் கறுப்பிலிருந்து காப்பு, கறுப்பு வீரனுக்கு வெள்ளையிலிருந்து காப்பு. மோதிக்கொள்ளவே பிறந்த ஜென்மப் பகையாளிகள் என்றுதான் பார்த்ததும் தோன்றும். ஆனால் இவர்களால் மோதவே முடியாது. வெள்ளையன் பாய்ந்தால் கறுப்பனால் குறுக்கே நிற்க முடியாது. கறுப்பன் பாய்ந்தாலும் அதே கதைதான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் தெருவில் கடந்துபோவதுபோல ஒருவரையொருவர் தாண்டிப் போய், ஆளுக்கு இரண்டு உயிர்ப்புள்ளியைப் பறித்துக்கொண்டு திரும்புவார்கள்.

இந்த ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். அந்த மூளைதான் இங்கே வேலை செய்திருக்கிறது. ‘புரொடெக்‌ஷன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நான்கு தடைகள் இருக்கின்றன. சொன்ன நிறத்திலிருந்து வரும் அடி படாது. அந்த நிறத்துச் சீட்டு எதுவும் மேலே ஒட்டிக்கொள்ளாது. அந்த நிறத்துக் கிரியேச்சர், அதாவது களத்தில் இறக்கிய உயிரினம், வழிமறிக்க முடியாது. அந்த நிறத்து மந்திரத்தால் குறிவைக்கவும் முடியாது. ஆங்கிலத்தில் இந்த நான்கின் முதலெழுத்துகளையும் சேர்த்தால் கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல் வரும். ஆட்டக்காரர்கள் பாடம் செய்திருப்பது அப்படித்தான்.

நான்கு சுவர் எழுப்பினால் வீடு பத்திரம் என்று நினைக்கத் தோன்றும். கூரை இல்லை என்பது ராத் ஆஃப் காட் விழும்போது தெரியும்.

அதுவும் முதல் தொகுப்புச் சீட்டுதான். மந்திரம் போடக் கொடுக்கும் காசான மனா நான்கைச் செலவிட்டால் களத்திலுள்ள எல்லாக் கிரியேச்சர்களையும் அழித்துவிடும். நிறம் வெள்ளை. வெள்ளையிலிருந்து காப்புள்ள பிளாக் நைட் தப்ப வேண்டும் அல்லவா? தப்பாது. ராத் யாரையும் குறிவைப்பதில்லை. அடி என்ற கணக்கிலும் வராது, ‘அழி’ என்பது மட்டும்தான் அதன் வேலை. மேலே ஒட்டவும் இல்லை, வழிமறிக்கவும் இல்லை. நான்கு சுவரையும் தொடாமல் மேலிருந்து இறங்கிவிடுகிறது. பெஸ்டிலன்ஸ் என்ற கறுப்புக் கொள்ளைநோய்ச் சீட்டோ நேரெதிர். அதுவும் பொத்தாம்பொதுவாக எல்லோர் மேலும்தான் விழுகிறது, ஆனால் ‘அடி’யாக விழுகிறது. சுற்றியிருப்பவர்கள் எல்லாம் சாய, ஒயிட் நைட் மட்டும் தூசி தட்டிக்கொண்டு எழுந்து நிற்பான். இரண்டுமே எல்லோரையும் தாக்குபவை. வினைச்சொல் ஒன்று மாறியதில் தலையெழுத்து மாறிவிட்டது.

இந்த ஆட்டத்தின் ருசியே இப்படிச் சீட்டின் வாசகத்தை இலக்கணக்காரர் கண்ணால் படிப்பதில்தான் இருக்கிறது. மேஜிக்கில் ஒரு மந்திரம் ஒன்றைக் குறிவைக்கிறதா என்பதற்கு ஊகம் தேவையில்லை. ‘டார்கெட்’ என்ற சொல் எங்கே இருக்கிறது, எதற்கு முன்னால் நிற்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்தது. 1997-இல் வந்த டயபாலிக் ஈடிக்ட் இதற்கு அருமையான பாடம். அந்தச் சீட்டில் டார்கெட் ஆவது எதிராளி. அவர்தான் தன் கிரியேச்சர் ஒன்றைத் தானே பலிகொடுக்க வேண்டும். ஒரே ஒரு மாவீரனை எல்லாக் காப்பும் கட்டி நிறுத்தி வைத்திருப்பவர் அந்த மாவீரனையே தூக்கிக் கொடுக்க வேண்டியதுதான். இரணியன் வாங்கிய வரத்தில் பகலும் இரவும் இருந்தன, உள்ளும் வெளியும் இருந்தன. அந்தியும் வாசற்படியும் விட்டுப்போயின. ஈடிக்ட் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் சீட்டு.

சுவரைப் பற்றிப் பேசியது போதும். காப்பை எந்த நேரத்தில் கட்டுவது என்பது இன்னும் சுவையான விஷயம். 1999-இல் ஆறாம் பதிப்பு விதிகளோடு ‘ஸ்டாக்’ வந்தது. சொன்ன மந்திரங்கள் தட்டு மேல் தட்டாக அடுக்கப்படும், கடைசியாக வைத்தது முதலில் நடக்கும். அதே ஆண்டு உர்சாஸ் லெகசி தொகுப்பில் மதர் ஆஃப் ரூன்ஸ் வந்தாள். ஒரே ஒரு மனா, பலமும் தாங்குதிறனும் ஒன்று ஒன்று. பார்த்தால் சோனி. ஆனால் அவளைப் படுக்கவைத்தால், அதாவது சீட்டைப் பக்கவாட்டில் திருப்பினால், தன் பக்கக் கிரியேச்சர் ஒன்றுக்கு அந்தச் சுற்று முடியும்வரை ஒரு நிறத்திலிருந்து காப்பு தருவாள்.

ஒரு காட்சி. எதிராளி லைட்னிங் ஹீலிக்ஸ் வீசுகிறார். குறிவைத்ததற்கு மூன்று அடி, வீசியவருக்கு மூன்று உயிர்ப்புள்ளி வரவு. சீட்டின் நிறம் சிவப்பும் வெள்ளையும். தாய்க்காரர் அவளைப் படுக்கவைக்கிறார். எந்த நிறம் என்று இன்னும் வாய் திறக்கவில்லை, அது நடக்கும் நேரத்தில் சொன்னால் போதும். எதிராளி மேலே எதுவும் வைக்கவில்லை. ‘சிவப்பு’ என்கிறார் தாய்க்காரர். இப்போது ஹீலிக்ஸின் முறை. நடப்பதற்கு முன் விதி ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது: குறி இன்னும் செல்லுமா? செல்லாது. ஒரே குறி, அதுவும் செல்லாததால் மந்திரமே புஸ்ஸென்று போய்விடுகிறது. எதிராளி எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்த அந்த மூன்று உயிர்ப்புள்ளியும் கிடையாது. அடிக்கு மட்டும் தடை போட்டதாக நினைத்திருந்தவர்கள் இந்த இடத்தில் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

எதிராளி கெட்டிக்காரராக இருந்தால் தாயின் திறன் ஸ்டாக்கில் நிற்கும்போதே அதன் மேல் இன்னொரு மந்திரத்தை வைத்துவிடுவார். மேலே வைத்தது முதலில் நடக்கும், காப்பு கட்டும் முன்பே கழுத்து போய்விடும். தாக்குதலுக்கும் அவள் உதவுவாள். எதிரில் வழிமறிக்கக்கூடியது பச்சை மட்டும்தான் என்றால், மறிப்பதற்கு முன்னே பச்சைக் காப்பு கட்டினால் பாதை திறந்துவிடும். மறித்த பிறகு கட்டினால் மறியல் நீங்காது, மறித்தவன் அடி மட்டும் படாது. முன்னே, பின்னே என்ற இந்தச் சிறு வித்தியாசத்தில் எத்தனையோ ஆட்டங்கள் கவிழ்ந்திருக்கின்றன.

நிறம் பார்க்காத காப்புகளும் உண்டு. ஷ்ரவுட் என்றால் யாருமே குறிவைக்க முடியாது, சொந்தக்காரரும்தான். ஹெக்ஸ்புரூஃப் என்றால் எதிராளிக்கு மட்டும் தடை. ஷ்ரவுட் என்ற பெயர் 2007-இலும் ஹெக்ஸ்புரூஃப் என்ற பெயர் 2011-இலும் சூட்டப்பட்டன. திறன்கள் அதற்கு முன்பே நீளமான வாசகங்களாகப் புழங்கிவந்தவைதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையில் பிடித்துப் பார்க்க இரண்டு ஜோடிக் காலணிகள் இருக்கின்றன. லைட்னிங் கிரீவ்ஸ் ஷ்ரவுட் தரும், மாட்டக் காசில்லை. ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ் ஹெக்ஸ்புரூஃப் தரும், ஒரு மனா கொடுத்து மாட்ட வேண்டும். இலவசம்தானே என்று முதலில் கிரீவ்ஸை மாட்டிவிட்டு அடுத்து வாளைக் கையில் கொடுக்கப் போனால் கை கொள்ளாது. வாளை மாட்டுவதும் குறிவைப்பதுதான். பழகியவர்கள் கிரீவ்ஸைக் கழற்றிப் பக்கத்திலிருக்கும் இன்னொரு கிரியேச்சருக்குப் போட்டுவிட்டு, வாளைக் கொடுத்து, மறுபடி கிரீவ்ஸை எடுத்துவந்து மாட்டுவார்கள். பக்கத்தில் இன்னொருவர் இல்லையென்றால் வாள் தரையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

சொந்தக்காரருக்குக் கதவு திறந்திருப்பதால் ஹெக்ஸ்புரூஃப் வசதியானது. அந்த வசதியே அதன் குறை. ஸ்லிப்பரி போகிள் என்ற ஒற்றை மனாப் பூச்சாண்டியின் மேல் கவசம் கவசமாக ஒட்டி ஊதவைத்து அடிக்கும் சீட்டுக்கட்டுக்கு ‘போகிள்ஸ்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஜெயிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குச் செய்ய எதுவுமில்லை, வேடிக்கை பார்ப்பதைத் தவிர. சதுரங்கத்தில் ஒருவர் காயை மற்றவர் தொடவே கூடாது என்றால் அதை ஆட்டம் என்பானேன்?

ஆனாலும் அந்த வறட்சிக் காலத்தில் ஓர் ஊற்று இருந்தது. 2011-இல் வந்த கைஸ்ட் ஆஃப் செயின்ட் டிராஃப்ட் ஹெக்ஸ்புரூஃப் கொண்ட புராணப் புருஷன், பாயும்போதெல்லாம் பலம் 4 கொண்ட தேவதையைக் கூட்டிவருவான். மூன்று மனா. அவனை வீழ்த்த இரண்டு மனா ஃபேன்டாஸ்மல் இமேஜ் போதும். இமேஜ் களத்துக்கு வரும்போது இன்னொரு கிரியேச்சரின் நகலாக வரும், அதற்குக் குறிவைக்கத் தேவையில்லை. புராணப் புருஷர்கள் ஒரே பெயரில் இருவர் நின்றால் இருவரும் மாள வேண்டும் என்பது அன்றைய விதி. நகல் வந்து நின்றது, அசலும் நகலும் சேர்ந்து போயின. 2013-இல் அந்த விதியை மாற்றி, அவரவர் பக்கத்தை மட்டும் எண்ணிக்கொள்ளச் செய்தார்கள். விதி தெளிவானது உண்மைதான். நகலெடுத்துக் கொல்லும் அந்த அழகு போனது.

அதே 2013-இல் கமாண்டர் தொகுப்பில் ட்ரூ-நேம் நெமிசிஸ் வந்தது. நிறத்துக்குப் பதிலாக ஓர் ஆட்டக்காரரைப் பெயர் சொல்லி, அவரிடமிருந்து முழுக்காப்பு. நால்வர் ஆடும் மேசையில் இது வேடிக்கை. இருவர் ஆட்டத்தில் எதிரில் இருப்பதே ஒருவர்தானே! எரிச்சலின் மறுபெயராகிவிட்டது. அதே தொகுப்பில் வந்த டாக்ஸிக் டெலுஜ் அடி கொடுக்காமல் எல்லோருடைய தாங்குதிறனையும் கரைக்கும் நச்சு வெள்ளம், நெமிசிஸையும் கரைத்துவிடும். விஷத்தையும் முறிமருந்தையும் ஒரே தொகுப்பில் விற்றிருக்கிறார்கள்.

புரொடெக்‌ஷன் புதியவர்களுக்குத் தலைசுற்றல் என்று 2015-இல் அன்றாடத் திறன்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், 2019-இல் மறுபடி சேர்த்தார்கள். 2021-இல் ‘வார்டு’ வந்தது. குறிவைக்கலாம், ஆனால் சுங்கம் கட்ட வேண்டும். இரண்டு மனா கேட்பவரும் உண்டு. செட்ஜ்மூர் விட்ச் மூன்று உயிர்ப்புள்ளி கேட்கிறாள். கட்டாவிட்டால் மந்திரம் வீண். 2010-இலேயே ஃப்ராஸ்ட் டைட்டன் இப்படி வசூலித்திருக்கிறது. கதவைச் செங்கல் வைத்து அடைப்பதைவிட வாசலில் ஒரு கணக்குப்பிள்ளையை உட்காரவைப்பது எவ்வளவோ மேல். கட்டுவதா, வேறு வழி பார்ப்பதா என்று எதிராளி யோசிக்கும் அந்தச் சில நொடிகளில் ஆட்டம் உயிரோடு இருக்கிறது.

ஜப்பானின் யூகியோ இந்தச் சிக்கலை நிறுத்தக்குறியால் அவிழ்த்தது. 2011 முதல் அதன் ஆங்கிலச் சீட்டு வாசகங்களில் அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது திறனை அறிவிக்கும்போதே நடப்பது, குறிவைப்பதும் செலவு கட்டுவதும் அங்கேதான். பின்னால் இருப்பது பிறகு நடப்பது. புளூ-ஐஸ் கேயாஸ் மேக்ஸ் டிராகனை எதிராளியின் திறன்கள் குறிவைக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, பலம் 4000. ஆனால் காய்ஜு பூதங்கள் அதைத் தொடுவதே இல்லை. தாங்கள் களமிறங்குவதற்கான காணிக்கையாக அதைச் செலுத்திவிட்டு, அதன் இடத்தில் போய் டிராகன்காரரின் பக்கமே உட்கார்ந்துகொள்கின்றன. யாரும் யாரையும் தாக்கவில்லை. டிராகனை மட்டும் காணவில்லை.

மேஜிக்கில் காப்பு ஆட்டக்காரருக்கே கிடைப்பதும் உண்டு. 2023-இல் வெளிவந்த தி ஒன் ரிங்கைக் கையிலிருந்து ஆடியவருக்கு அவருடைய அடுத்த முறை வரும்வரை எல்லாவற்றிலிருந்தும் காப்பு. நால்வர் மேசையில் ஒருவர் அதை வைத்துவிட்டு, ஆறு உயிர்ப்புள்ளி மீதி, கவலையில்லை என்று நாற்காலியில் சாய்கிறார். அடுத்தவர் கிரே மெர்ச்சன்ட் ஆஃப் ஆஸ்ஃபோடெலை இறக்கித் தன் களத்திலுள்ள கறுப்புக் குறியீடுகளை விரல்விட்டு எண்ணுகிறார். ஏழு. எதிராளிகள் ஒவ்வொருவரும் ஏழு உயிர்ப்புள்ளி இழக்க வேண்டும் என்கிறார். மூன்று தலைகள் அந்தச் சீட்டின் மேல் குனிகின்றன. ‘டார்கெட்’ என்ற சொல்லைத் தேடுகிறார்கள், இல்லை. ‘டேமேஜ்’? அதுவும் இல்லை. மோதிரக்காரர் இன்னொருமுறை படித்துவிட்டு, தன் சீட்டுகளைச் சேர்த்து அடுக்க ஆரம்பிக்கிறார்.