கதைப்பாடல்களிற் படைப்பதவிப் பெயர்கள்
(வேம்பார்க் கடற்கரை வழக்குகளோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு)

1. ஆய்வின் நோக்கம்

தென்பாண்டி நாட்டுப் போர்க் கதைப்பாடல்களைப் பயில்வோர் உள்ளத்தில் சில வினாக்கள் தவறாது எழுகின்றன. தளவாய் பெரியவனா, சுபேதார் பெரியவனா? சேர்வைக்காரர் என்பது குடிப்பெயரா, பதவிப்பெயரா? கும்பினியாரின் சிப்பாய்க்கும் பாளையத்து வீரனுக்கும் வேறுபாடு யாது? கப்பித்தான் என்பான் கப்பலுக்கு உரியவனா, தரைப்படைக்கு உரியவனா? இவற்றிற்கெல்லாம் 'படைத்தலைவன்', 'படைவீரன்' என்னும் இரு சொற்களையே விடையாகக் கூறி அமைவது வழக்கமாக உள்ளது. அவ்விடை எளிதே; ஆயின் பொருந்துவதன்று.

இப்பெயர்களுட் பல பிறமொழியினின்று வந்தவை. அது பற்றியே இவற்றைக் கொச்சை என ஒதுக்குவாரும், பாட்டின் ஓசையை நிரப்ப வந்த அடைகள் எனக் கருதுவாரும் உளர். இவ்விரு கருத்தையும் யாம் உடன்படுகின்றிலேம். ஒவ்வொரு படைப்பெயரும் ஒருவன் யாருக்கு, எக்கடமையால், என்ன கைம்மாறு பெற்று ஊழியம் செய்தான் என்பதைச் சுட்டுகின்றது. அவ்வூழிய முறையை உணராதார்க்குக் கதைமாந்தரின் பண்பும் விளங்காது. கதைப்பாடலின் அறமும் விளங்காது. இதனை இராமப்பய்யன் அம்மானை, கான்சாகிபு சண்டை, வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்பாடல் ஆகிய மூன்றனையும் கொண்டு ஈண்டு நிறுவ முற்படுகின்றோம். கடற்கரை வழக்குகளை ஒப்பிடுதற்கு வேம்பாரை எடுத்துக்கொண்டோம். முத்துக்குளித்துறையின் கடற்பட்டினங்களுள் வடகோடியில் நிற்பது அவ்வூர். சேதுபதி நாட்டிற்கும் பாஞ்சாலங்குறிச்சிச் சீமைக்கும் இடைப்பட்ட கடற்கரையில் அமைந்தமையால் இக்கதைப்பாடல்களின் போர்க்களங்களுக்கு அஃது அயலது.

2. தளவாயும் சேர்வைக்காரரும்

படைக்குப் பகுப்பும் பகுப்பிற்குப் பெயரும் தமிழர்க்குப் புதியன அல்ல. சங்க காலத்தில் ஏனாதி என்னும் பட்டம் வழங்கியது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் வேளைக்காரர், தெரிந்த வில்லிகள், குதிரைச் சேவகர், ஆனையாட்கள் எனப் பல படைகளைப் பிரித்துரைக்கின்றன. ஆதலின், படையின் நுட்பமான பகுப்பை மேலைநாட்டாரே நமக்குக் கற்பித்தனர் என்பது பொருந்தாது. அவர்களிடமிருந்து வந்தது வேறொன்று. மேலிருந்து கீழ்வரை ஒரே ஏணியாக அமைந்த பதவி வரிசையும், அவ்வரிசைக்கு ஏற்ற திங்கட் சம்பளமுமே அவை. பழைய பதவிப் பெயர்களை அவ்வேணியில் ஏற்றி அளக்க முயல்வதே முதற் பிழை.

தளவாய் என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இராமப்பய்யன் திருமலை நாயக்கரின் (1623-1659) தளவாய். அந்நாளில் மதுரைத் தளவாய் படைக்கு மட்டும் தலைவனல்லன், அரசியலிலும் முதல்வன். முன்னர் அப்பதவி வகித்த அரியநாத முதலியாரின் வரலாறும் இதனையே காட்டும். இக்காலத்துத் தளபதியோடு அவனை ஒப்பிடுதல் ஆகாது. இன்னொரு நயமும் கருதத் தக்கது. இராமப்பய்யன் எதிர்த்துச் சென்ற இரண்டாம் சடைக்கன் சேதுபதியும் 'தளவாய் சேதுபதி' என வழங்கப்பெற்றவன். ஆகவே அம்மானை கூறும் போர், அரசனின் படைத்தலைவனுக்கும் கலகக்காரனுக்கும் நிகழ்ந்த போர் மட்டுமன்று. ஒரே பட்டத்தைத் தாங்கிய இருவரின் போருமாகும். 'படைத்தலைவன்' என்று மொழிபெயர்த்தால் இந்நயம் முற்றும் மறைந்தொழியும்.

சேர்வைக்காரர் என்பது இதனின் வேறு. மறவர் சீமையில் ஆயுதந்தாங்கிய ஏவலர் கூட்டத்தை நடத்தியவர் அப்பெயர் பெற்றனர். சிவகங்கை மருதிருவரையும் கும்பினியார் ஆவணங்கள் இப்பெயராலேயே குறிக்கின்றன. இவர்கீழ் நின்றவர் நிலமும் காவல் உரிமையும் பெற்று ஊழியம் செய்தனர். போரில்லாக் காலத்தில் உழவும் காவலும் அவர்தம் தொழில். பதவி குடிக்கு உரியதாய் வழிவழி வந்தமையாற் பின்னர் அது குடிப்பட்டமாகவே நிலைத்தது. எனவே 'குடிப்பெயரா, பதவிப்பெயரா' என்னும் வினாவிற்கு இரண்டும் என்பதே விடை.

3. கும்மந்தான்

கான்சாகிபு சண்டையின் தலைவனாகிய முகம்மது யூசுப்கான் நாட்டு வழக்கில் 'கும்மந்தான்' எனப்பட்டான். கமாண்டன்ட் என்னும் பதவிப்பெயரின் தமிழ்த் திரிபு இது. கும்பினியின் சிப்பாய்களுக்கெல்லாம் தலைமை தாங்கிய இவன், பின்னர் மதுரையை ஆண்டு, கும்பினியாரையும் ஆர்க்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15-இல் தூக்கிலிடப்பட்டான்.

சீமையை ஆண்ட ஒருவனை அரசப் பட்டத்தால் அன்றிப் படைப்பதவியால் மக்கள் நினைவிற் கொண்டமை வியப்பிற்குரியது. அவன் வீழ்ச்சியின் காரணமே அப்பெயரில் அடங்கியுள்ளது. பாளையக்காரர்க்கு நிலமும் குடியும் வழிவழி உரியன. கும்மந்தானுக்கோ பதவி பிறர் கொடுத்தது. கொடுத்தவர் எடுக்க வந்தபோது அவன் மறுத்தான். இம்முரணைக் கதைப்பாடல் விரித்துரையாது, பெயராலேயே உணர்த்துகின்றது. பிற்காலத்துக் கும்பினிப் படையில் இந்தியர் எவரும் இத்தகைய தலைமையை எய்தவில்லை. அவர்க்கு எட்டியவை சுபேதார், ஜமேதார் என்னும் பதவிகளே. நரைமுடித்த சுபேதாரும் நேற்று வந்த இளம் வெள்ளை அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவரே ஆயினர்.

சுபேதார் என்னும் சொல்லின் வரலாறு இவ்விடத்துக் கூறத்தக்கது. முகலாயர் ஆட்சியில் ஒரு மாகாணத்தை ஆண்டவன் சுபேதார். கும்பினிப் படையில் அச்சொல் ஒரு சிறு பிரிவின் நாட்டு அதிகாரியைக் குறிக்கலாயிற்று. நாயக் என்னும் சொல்லின் இறக்கம் இன்னும் பெரிது. மதுரையை ஆண்ட மரபின் பெயராகிய 'நாயக்கர்' என்பதற்கும், இன்று இந்தியத் தரைப்படையில் அவல்தாருக்குக் கீழ் நிற்கும் 'நாயக்' என்பதற்கும் மூலச்சொல் ஒன்றே. குதிரைப்படையில் அவல்தாருக்கு நிகரான டபேதார், தமிழ்நாட்டில் ஆட்சியர் அலுவலக ஏவலரின் பெயராகவும் வழங்குகின்றது. ஆதலின் தளவாய் பெரியவனா, சுபேதார் பெரியவனா என வினவுவார்க்கு, 'எந்த ஆண்டில், யாருடைய படையில்?' என்னும் மறுவினாவே முதல் விடையாகும்.

4. துரை, தானாபதி, பகதூர்

கட்டபொம்மு கதைப்பாடலில் நிலைமை மாறுகின்றது. ஜாக்சன், லூசிங்டன் ஆகியோர் வரி தண்டும் ஆட்சியர். பானர்மன் மேஜர் என்னும் படைப்பதவியினர். ஆட்சித்துறை வேறு, படைத்துறை வேறு. கதைப்பாடலோ அனைவரையும் 'துரை' என்னும் ஒரே பெயரால் அழைக்கின்றது. இது புலவனின் அறியாமை என்பர் சிலர். யாம் அவ்வாறு கருதவில்லை. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஆட்சியரைக் காணச் சென்ற இடத்தே கைகலப்பு நேர்ந்தது. படை அதிகாரியாகிய கிளார்க் உயிரிழந்தார். 1799 செப்டம்பர் 5-இல் பானர்மனின் படை கோட்டையைத் தாக்கியது. வரி கேட்டவரும் பீரங்கி கொணர்ந்தவரும் ஒருவர்க்கொருவர் துணையாகவே வந்தனர். தாக்குண்டவர்க்கு அவர்களிடையே வேறுபாடு தோன்றாமை இயல்பே. எனினும் இப்பாடலை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர், 'துரை' என்னும் இடந்தோறும் பதவியைப் பிரித்தறிதல் வேண்டும்.

தன் பக்கத்தாரைக் கூறுமிடத்துப் பாடல் இவ்வாறு பொதுமையாக்குவதில்லை. சிவசுப்பிரமணிய பிள்ளை 'தானாபதிப் பிள்ளை' எனவே வருகின்றார். தானாபதி என்பான் தலைவனின் சார்பாளன். அவனுடைய கருவி சொல்லேயன்றி வாளன்று. கும்பினியாரின் நெற்களஞ்சியம் கொள்ளையிடப்பட்டதற்கு அவரே காரணர் என்று கதை கூறுகின்றது. பேசி முடிக்க வேண்டியவர் பறிக்கத் துணிந்தமையே கேட்டிற்கு வித்தாயிற்று என்னும் குறிப்பு, அப்பதவியின் பொருளை அறிந்தார்க்கே புலனாகும். அவர் 1799 செப்டம்பர் 13-இல் நாகலாபுரத்தில் கொல்லப்பட்டார். நாகலாபுரம் வேம்பாரோடு இன்று ஒரே விளாத்திகுளம் வட்டத்தில் அடங்கியது. வெள்ளையத்தேவனைப் 'பாதர் வெள்ளை' என்பது மற்றொரு சான்று. முகலாய அவையிற் சிறந்த 'பகதூர்' என்னும் பட்டம் ஒரு மறவனின் பெயரோடு ஒன்றிவிட்டது. ஏணி வரிசையில் இதற்கு இடமில்லை. மக்கள் மதிப்பில் இடமுண்டு.

படைக்கலங்களைப் பற்றியும் ஒரு சொல். பாளையத்தாரின் நெடிய ஈட்டியையும் வளரியையும், 1801-ஆம் ஆண்டுப் போரிற் கலந்துகொண்ட வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி 1830-இல் வெளியிட்ட தம் நூலில் வியந்து எழுதியுள்ளார். வளரி வீசும் முறையை மருதிருவருள் ஒருவரிடம் தாம் கற்றதாகவும் அவர் குறிக்கின்றார். இவை தனிவீரனின் கைத்திறத்தால் ஆற்றல் பெறுவன. பீரங்கியோ பலருடைய கூட்டுழைப்பால் இயங்குவது. அதன் அளவே அஃது எறியும் குண்டின் எடையாற் கூறப்படும். 1801 மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை இறுதியாக வீழ்ந்தபோது மோதியவை இருவகைப் படைக்கலங்கள் மட்டுமல்ல, இருவகை ஊழியங்களுமாம்.

5. கடற்கரைச் சான்று

பீரங்கியை இழுத்தவர் யார் என்னும் வினா நம்மைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கின்றது. கும்பினியின் பீரங்கிப் படையில் அவ்வேலைக்கு அமர்ந்தவர் 'லஸ்கர்' எனப்பட்டனர். அவர்க்கு மேலாள் 'தண்டல்'. அவனுக்கும் மேல் 'சாரங்கு'. வேம்பார், தூத்துக்குடிக் கரையினர்க்கு இவை கடற்றொழிற் சொற்கள். தோணியை நடத்துபவன் தண்டல். கலத்து ஏவலர்க்குத் தலைவன் சாரங்கு. கலத்தில் உழைப்பவன் லஸ்கர்.

லஸ்கர் என்பதன் பாரசீக மூலம் 'படை' என்னும் பொருளது. சாரங்கு என்பதன் மூலமும் பாரசீகத்திற் படைத்தலைவனைக் குறிப்பது. கடலுக்கு அப்பால் இலங்கையிற் போர்த்துக்கீசியர் தம் கீழ்நின்ற நாட்டுப் படைஞரை 'லஸ்கரின்' என்றனர். இங்ஙனம் படைச்சொல் கலத்திலேறிக் கடற்சொல்லாகியது. கடற்சொல் மீண்டும் தரையிறங்கிப் பீரங்கியை இழுத்தது. கயிறும் கப்பியும் நெம்புகோலும் கொண்டு பெரும்பாரத்தை நகர்த்தும் தொழில் இரண்டிடத்தும் ஒன்றாதலின் இம்மாற்றம் நிகழ்ந்தது எனக் கருதலாம். நீர்ப்பாசனத் துறையில் மதகு காக்கும் பணியாளர்க்கும் லஸ்கர் என்னும் பெயர் தமிழ்நாட்டில் உண்டு.

கப்பித்தான் என்னும் போர்த்துக்கீசியச் சொல்லும் அத்தகையதே. பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கப்பித்தான் கப்பலோட்டி மட்டுமல்லன். அக்கரையில் போர்த்துக்கல் அரசனின் அதிகாரி. இன்று தரைப்படைக் கேப்டன் மேஜருக்குக் கீழ்ப்பட்டவர்; கடற்படைக் கேப்டனோ தரைப்படைக் கர்னலுக்கு நிகரானவர். ஒரு பெயர் மூன்று பதவிகளைச் சுட்டுவதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

6. பெயரில்லாச் சிப்பாய்

இதுகாறும் கதைப்பாடல்களின் சிறப்பை எடுத்துரைத்தோம். அவற்றின் குறையையும் மறையாது கூறுதல் திறனாய்வாளர் கடன். தளவாயும் கும்மந்தானும் தானாபதியும் பாட்டில் தனித்தனி உயிர் பெறுகின்றனர். சிப்பாய்க்கோ பெயரில்லை. அவன் 'பட்டாளம்' என்னும் திரளில் ஒருவனாய் வந்து, சுட்டு, மடிந்து மறைகின்றான். அவனும் இந்நாட்டு உழவர் குடியில் தோன்றியவனே. நிலம் பெற்ற பாளையத்து வீரன் தலைவனுக்காக உயிர் கொடுத்தால் அது செஞ்சோற்றுக் கடன். திங்கட் சம்பளம் பெற்ற சிப்பாய் அதனையே செய்தால் அதற்குப் பெயர் என்ன? இவ்வினாவைக் கதைப்பாடல்கள் எழுப்பவில்லை.

வரலாறு அதனை எழுப்பியது. பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்து ஐந்தாண்டு கழிந்தபின், 1806 சூலை 10-இல் வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி நீக்குமாறும் தாடி மழிக்குமாறும் இட்ட ஆணையும் அதன் காரணங்களுட் சில. சம்பளம் பெற்ற ஊழியத்திற்கும் ஓர் எல்லையுண்டு, அவ்வெல்லை மானம் என்பதனைப் பெயரில்லாதவர் அன்று உணர்த்தினர். பாளையத்து வீரனுக்கு வாய்த்தது போன்ற பெருங்கதைப்பாடல் அவர்க்கு வாய்க்கவில்லை. தலைவனின் புகழைப் பாடுதற்கு அமைந்த இலக்கிய வகை, தலைவனில்லாதவனைப் பாட இயலாது நின்றது எனலாம்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. படைப்பதவிப் பெயருக்குக் காலமும் இடமும் நீங்கிய நிலைபேறான உயர்வுதாழ்வு இல்லை என்பது ஒன்று. அப்பெயர் நில ஊழியம், சம்பள ஊழியம், சார்பாண்மை ஆகியவற்றுள் ஒன்றைச் சுட்டிக் கதைமாந்தரின் அறத்தை வரையறுக்கும் என்பது மற்றொன்று. தமிழாக்கம் என்னும் பெயரால் இவற்றைப் பொதுச்சொற்களாக மாற்றுவது பாட்டின் சான்றை அழிப்பதாகும் என்பது இறுதியானது. கதைப்பாடல்களைப் பதிப்பிப்போரும் மாணவர்க்குச் சுருக்கித் தருவோரும் மூலத்துப் பெயர்களை அவ்வாறே நிறுத்தி, ஒவ்வொன்றற்கும் காலமும் ஊழிய முறையும் குறித்து விளக்கம் எழுதுதல் வேண்டும். ஏட்டுச் சான்றோடு அமையாது, வேம்பார் முதலிய கடற்றுறைகளில் தண்டல், சாரங்கு என வழங்கும் சொற்களையும் தொகுத்தல் நலம். நூல்களில் மங்கிய பொருள் தொழில் வழக்கில் நிற்கக் காண்கின்றோம்; அவ்வழக்கு மறையுமுன் அதனைப் பதிவு செய்தல் தமிழாய்வாளர் கடமையாகும்.