நக்சொன்ஜேயின் பனிக்கட்டிச் சுவர்

சியோலுக்குப் போகிறவர்கள் முதலில் கியோங்போக்குங் அரண்மனைக்குத்தான் ஓடுகிறார்கள். அங்குள்ள கியோங்ஹேரு மண்டபத்தின் 48 கற்றூண்களும் குளத்து நீரில் தலைகீழாகத் தெரிவதில் எனக்கும் மயக்கம் உண்டு. ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு நண்பரோடு எனக்குப் பல வருட வழக்கு. அரண்மனை என்றால் அண்ணாந்து பார்க்க வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. என்னைக் குனிய வைத்த அரண்மனைதான் என் மனசில் நிற்கிறது.

அது சாங்டோக்குங். அதிலும் தென்கிழக்கே ஒதுங்கி நிற்கும் நக்சொன்ஜே. அரசர் ஹொன்ஜோங் 1847இல் கட்டிய வீடு. அரண்மனை மரங்களுக்குப் பூசும் தான்சோங் வண்ணம் ஒரு தீற்றல்கூடக் கிடையாது. மரம் மரமாகவே இருக்கிறது. அரியணை மண்டபமான இன்ஜோங்ஜோனின் பச்சையும் சிவப்பும் கண்ணில் நிறைந்திருக்க இங்கே வந்து நின்றால், கச்சேரி முடிந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சன்னல் சட்டங்களில்தான் எத்தனை விதமான பின்னல்! அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அவர்கள் பார்க்காமல் போகும் சுவரைப் பற்றி.

முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உயர்ந்த மரத்தளத்துக்கு அடியில், நிழலில் இருக்கிறது அது. ஒன்றுபோல் ஒன்று இல்லாத கோணல் துண்டுகளைச் சேர்த்து, உறைந்த குளம் விரிசல் விட்டதுபோல் அமைத்திருக்கிறார்கள். சுவருக்குப் பின்னால், தரையைச் சூடாக்கும் ஓண்டோலின் அடுப்புவாய். நெருப்பு இருக்கும் இடத்தில் பனிக்கட்டியைக் காவல் வைத்திருக்கிறார்கள்.

இதை வெறும் அலங்காரம் என்பவர்களிடம் நான் ஆண்டுகளை எண்ணிக் காட்டுவேன். 1592 ஜப்பானியப் படையெடுப்பின்போது சாங்டோக்குங் எரிந்தது. 1623 கலகத்தில் மறுபடி எரிந்தது. 1803இல் அரியணை மண்டபம் போயிற்று. 1833இல் அரசர் குடும்பம் உறங்கும் கட்டடங்கள் போயின. அடுத்த ஆண்டுதான், சிறுவனாக, ஹொன்ஜோங் அரியணை ஏறினார். அப்படிப்பட்டவர் கட்டிய வீட்டில் அந்த விரிசல் கோடுகளைப் பார்க்கும்போது எனக்கு ஒரு வேண்டுதலைப் படிப்பது போலிருக்கிறது. அதைக் கோத்த கைக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. துண்டுகள் ஒழுங்கில்லாமலும் இருக்க வேண்டும், மொத்தத்தில் கண் உறுத்தவும் கூடாது. அந்தக் கணக்கு அவருக்குக் கைவந்திருக்கிறது.

முதல் முறை ஒரு சுற்றுலாக் குழுவோடு போனேன். அரண்மனை முழுவதற்கும் நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். இந்தச் சுவரைப் பார்க்காமலே திரும்பினேன். அந்த வருத்தத்திலேயே இரண்டாம் முறை தனியாக, சனவரிக் குளிரில் போனேன். கூரையோடுகளில் பனி கிடந்தது. தளத்துக்கு அடியிலும் பனிக்கட்டி, மேலேயும் பனி. அரை மணி நேரம் நின்றிருப்பேன். கால் மரத்ததுகூடத் தெரியவில்லை.

அன்று அடுப்பு எரியவில்லை என்பதுதான் குறை. விறகுப் புகை மணமில்லாமல் இந்தச் சுவர் பாதிதான் பேசுகிறது. பக்கத்திலேயே ஹுவோன் தோட்டத்தின் வாசல் என்பதால், நேரம் குறித்த சீட்டோடு கூட்டம் இந்த வீட்டைக் கடந்து ஓடுகிறது. அந்தக் கூட்டத்தில் பலர் உடுத்தி வரும் வாடகை ஹான்பொக் உடையில் இப்போது பாவாடைக்குள் கம்பி வளையம், மேலே பொன்னிற அச்சு. படத்துக்கு எடுப்பாக இருக்கலாம். ஆனால் துணி தானாக விழும் அந்தப் பழைய மடிப்பு போய்விட்டது. மரத்துக்கு வண்ணம் வேண்டாம் என்று நினைத்தவரின் முற்றத்தில் அந்த உடையைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

இந்த வீடு வெறும் காட்சிப்பொருளாகி ரொம்ப நாள் ஆகவில்லை. கடைசிப் பட்டத்து இளவரசரின் மனைவி யி பாங்ஜா இங்கேதான் வாழ்ந்தார். அவருடைய நாத்தனார், இளவரசி தொக்கே, இதே வளாகத்தில் இருந்தார். இருவரும் 1989 ஏப்ரலில், ஒன்பது நாள் இடைவெளியில் இறந்தார்கள்.

திங்கட்கிழமை சாங்டோக்குங்குக்கு விடுமுறை. மற்ற நாளில் போனால், தோட்டத்துச் சீட்டு நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே நக்சொன்ஜேக்கு வந்துவிடுங்கள். தளத்துக்கு அடியில் குனிந்து பாருங்கள்.