முகம் மாறும் மகுடம்

சரித்திர நாடகம் ஒன்று ஓராண்டோ ஈராண்டோ இடைவெளி விட்டுத் தொலைக்காட்சிக்குத் திரும்பி வருகிறபோது, பார்க்கிறவர்களின் மனத்தில் முதலில் எழும் ஆவல், பழகிப்போன முகங்களை மறுபடியும் காண வேண்டும் என்பதுதான். நீண்ட தொடர்களின் ஜீவனே அந்தப் பழக்கத்தில் இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அந்த ஆவலைத் தெரிந்தே, துணிந்தே, இரண்டு முறை மறுத்த தொடர் ‘தி க்ரௌன்’. 2016 நவம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் தொடங்கி, ஆறு சீசன்களாக, 60 எபிசோடுகளோடு 2023 டிசம்பரில் நிறைவுற்ற இந்தத் தொடரில், இரண்டாம் எலிசபெத் அரசியாக முதல் இரண்டு சீசன்களில் கிளேர் ஃபாயும், அடுத்த இரண்டில் ஒலிவியா கோல்மனும், கடைசி இரண்டில் இமெல்டா ஸ்டான்டனும் தோன்றினார்கள். அரசி மட்டுமா? கணவர் பிலிப், தங்கை மார்கரெட், தாய், மக்கள் என்று அரண்மனைக் குடும்பம் முழுவதுமே ஒரே சமயத்தில் வேறு உடல்களுக்குக் குடிபெயர்ந்தது. இளம் நடிகையின் முகத்தில் ஒப்பனையால் சுருக்கங்களை வரைந்து காலத்தைக் காட்டுகிற வழக்கமான உபாயத்தை நாடகாசிரியர் பீட்டர் மார்கன் மேற்கொள்ளவில்லை. அவர் மேற்கொண்ட இந்த முறையே தொடரின் மிகப் பெரிய பலம் என்பதும், தொடரின் பிற்பகுதி மெலிந்துபோனதற்கும் இதுவே வழிசெய்தது என்பதும் என் அபிப்பிராயம்.

பலத்தை முதலில் பார்க்கலாம். 2019இல் திரும்பி வந்த மூன்றாவது சீசன், அந்த மாற்றத்தை மறைக்க முயலாமல் அதையே தன் முதற் காட்சியாக ஆக்கிக்கொண்டது. அரண்மனை அறை ஒன்றில், புதிய தபால் தலைக்கான அரசியின் பக்கவாட்டு உருவம் பெரிதாக வரையப்பெற்று நிற்கிறது. அருகில் பழைய தபால் தலையின் உருவம். பழையதில் ஃபாயின் முகம், புதியதில் கோல்மனின் முகம். அதிகாரிகள் மரியாதைக்குரிய சொற்களைத் தேடித் தடுமாறுகிறார்கள்; வயது யாரிடமும் கருணை காட்டுவதில்லை என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு, ஆக வேண்டிய வேலையைப் பார்ப்போம் என்று அரசி நகர்ந்துவிடுகிறார். ஓரிரண்டு நிமிஷங்களில் முடிந்துபோகிற இந்தக் காட்சியில், நடிகை மாறிவிட்டாரே என்று நமக்குள் எழுந்த குறையை, இளமை போய்விட்டதே என்று அந்தப் பெண்மணிக்குள் எழுந்திருக்கக்கூடிய குறையோடு இணைத்துவிடுகிறார் நாடகாசிரியர். நாம் இழந்த முகத்தைத்தான் அவரும் இழந்திருக்கிறார். மகுடம் நிலைக்கிறது, அதைத் தாங்குகிற தலைகள் மாறுகின்றன என்ற அரசியல் தத்துவத்தை, ஒரு வார்த்தையும் பிரசங்கம் செய்யாமல், நடிகர் தேர்வு ஒன்றினாலேயே உணர்த்திவிட்ட இந்தச் சாமர்த்தியத்துக்கு ஈடாக அண்மைக்காலத் தொலைக்காட்சியில் நான் வேறொன்றைக் கண்டதில்லை.

பிலிப் பாத்திரத்தில் இதன் பயன் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. மாட் ஸ்மித்தின் பிலிப், கடற்படை வாழ்வைத் துறந்து மனைவியின் பின்னால் நடக்க நேர்ந்த இளைஞனின் பொருமலும் துடுக்கும் நிறைந்தவர். டோபியஸ் மென்சீஸின் பிலிப்பிடம் அந்தப் பொருமல் அடங்கி, உள்ளே ஒரு வெறுமையாக இறங்கியிருக்கிறது. 1969இல் சந்திரனுக்குச் சென்று திரும்பிய மூன்று விண்வெளி வீரர்களையும் அரண்மனையில் தனியே சந்தித்து, மனித வாழ்வின் பெரும் பொருளை அவர்களிடமிருந்து கேட்டறிந்துவிடலாம் என்று அவர் காத்திருப்பதும், வந்தவர்கள் ஜலதோஷம் பிடித்த, சாதாரணமான, கடமை தவறாத இளைஞர்களாக இருப்பதும், அவர் முகத்தில் ஏமாற்றம் மெல்லப் படர்வதுமாக அமைந்த அந்த எபிசோடை, பழைய நடிகரே நரைமுடி சூடி வந்திருந்தால் இவ்வளவு ஆழமாக உணர்ந்திருக்க மாட்டோம். ஒரு மனிதன் நடுவயதில் தனக்கே அந்நியனாகிப்போவதைக் காட்ட, உண்மையாகவே அந்நியரான ஒரு நடிகர் வர வேண்டியிருந்தது.

ஆயினும் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. புதிய முகத்தை ஏற்கும் உழைப்பில் பாதியைப் பார்ப்பவரே செய்ய வேண்டும். அதற்கு அவர் கற்பனை ஓய்வாக இருக்க வேண்டும். காட்டப்படுகிற மனிதர்கள் தூரத்தில் இருக்கிறவரையில் அது கைகூடும். முதல் சீசனில் ஜான் லித்கோ நடித்த சர்ச்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1954இல், அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்காக நாடாளுமன்றத்தார் கிரகாம் சதர்லாண்டைக் கொண்டு ஓவியம் தீட்டுவித்தார்கள் என்பதும், சர்ச்சில் அதை வெறுத்தார் என்பதும், பின்னர் அது அவர் மனைவியின் விருப்பப்படி அழிக்கப்பட்டது என்பதும் சரித்திரம். ஓவியம் தீட்டப்படுகிறபோது அறைக்குள் என்ன பேச்சு நடந்தது என்பது நாடகாசிரியரின் சிருஷ்டி. தம் சார்ட்வெல் இல்லத்துக் குளத்தைச் சர்ச்சில் ஏன் திரும்பத் திரும்பத் தீட்டுகிறார் என்று சதர்லாண்ட் கேட்கிறார். நீரின் விளையாட்டு கைக்கு அகப்படவில்லை என்கிற மாதிரி கிழவர் எதையோ சொல்லிச் சமாளிக்கிறார். பேச்சு வளர்ந்து, 1921இல் மறைந்த அவருடைய சிறு மகள் மேரிகோல்டில் வந்து நிற்கிறது. பச்சிளம் மகனைப் பறிகொடுத்தவர் சதர்லாண்டும். அந்த மகளின் மரணத்துக்கு மறு ஆண்டில் வாங்கிய வீட்டில் அந்தக் குளம் அமைந்தது என்பது உறைக்கிறபோது, ஹிட்லரையே எதிர்த்து நின்ற அந்த முதியவரின் கண்கள் கலங்குகின்றன. இப்படி ஒரு சம்பாஷணை நடந்ததா என்று கேட்கவே தோன்றுவதில்லை. ஆவணங்களுக்கு இடையே கிடக்கிற மௌனத்தைக் கற்பனை நிரப்புகிறது. எந்த ஆவணத்தையும் அது மறுக்கவில்லை.

அபர்ஃபான் பற்றிய எபிசோடை ஓர் எல்லைக்கல்லாகக் கருதுகிறேன். 1966 அக்டோபர் 21 அன்று அபர்ஃபான் என்ற வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கிராமத்தில், மலைச்சரிவில் குவித்து வைத்திருந்த நிலக்கரிக் கழிவு சரிந்து, கீழே இருந்த பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்து, 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் மாண்டார்கள். அரசி எட்டாம் நாள்தான் அங்கே சென்றார். அந்தத் தாமதத்தின் உட்பொருளை ஆராய்கிற நாடகம், அவருக்கு அழுகையே வராது என்றும், கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டது உலர்ந்த கண்ணைத்தான் என்றும், அதைப் பிரதமர் ஹெரால்டு வில்சனிடம் அவரே ஒப்புக்கொண்டார் என்றும் காட்டுகிறது. கோல்மன் அதை நடித்திருக்கிற விதம் அபாரமானது. ஆனால் அரசியின் முகத்தில் உண்மையான துயரத்தைக் கண்டதாக அங்கிருந்தவர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அந்தக் கிராமத்தில் உயிரோடு இருக்கக்கூடிய காலத்தில், அவர்களுக்கு எதிரே அழுதவரா, அழுவதுபோல் பாவனை செய்தவரா என்பதைக் கற்பனையால் தீர்மானிப்பது வேறு வகைக் காரியம். இங்கே கற்பனை மௌனத்தை நிரப்பவில்லை. கண்டவர்களின் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காருகிறது.

அடுத்தடுத்த சீசன்களில் நமக்கும் கதைக்காலத்துக்கும் உள்ள இடைவெளி இன்னும் குறுகியது. 1982 ஜூலையில் அரசியின் படுக்கையறைக்குள் புகுந்துவிட்ட மைக்கேல் ஃபேகன் என்ற வேலையற்ற மனிதன், பிரதமர் தாட்சர் காலத்து வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி அரசியிடம் நெடுநேரம் பேசுவதாக நான்காவது சீசன் காட்டுகிறது. அரசி உடனே அறையை விட்டு வெளியேறிவிட்டார், பேச்சே நடக்கவில்லை என்று சொன்னவர் அதே ஃபேகன். ஐந்தாவது சீசனில், தாயார் அரியணையை விட்டு விலகுவது பற்றி இளவரசர் சார்ல்ஸ் 1991இல் பிரதமர் ஜான் மேஜரிடம் ஜாடையாகப் பேசுவதாக ஒரு காட்சி. ஒளிபரப்புக்கு முன்பே மேஜர் அதை முற்றிலும் பொய் என்று மறுத்துவிட்டார். புனைவு என்று முகப்பிலேயே எச்சரிக்க வேண்டும் என்று 2020இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஆலிவர் டௌடன் கோரியதையும், 2022இல் நடிகை ஜூடி டென்ச் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியதையும் அரண்மனை விசுவாசம் என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. கலைஞனின் சுதந்திரத்தில் எனக்கு உள்ள நம்பிக்கை பெரிது. ஆனால் உயிரோடு இருக்கிற ஒருவர் வாயில் அவர் சொல்லாத சொல்லை வைத்து, அவருடைய நிஜப் பெயரையும் போட்டுவிட்டு, பார்ப்பவர்களுக்குத் தெரியாதா என்று இருந்துவிடுவது நியாயமாகாது.

நடிகர் மாற்றத்தின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. தாட்சரின் குரலும் சார்ல்ஸின் மனைவி டயானாவின் தலைச்சாய்வும் கோடிக்கணக்கானோரின் ஞாபகத்தில் பதிந்தவை. ஆகவே அவர்களாக நடித்த கில்லியன் ஆண்டர்சனும் எலிசபெத் டெபிக்கியும் அந்த ஞாபகத்துக்கு முன் பரீட்சை எழுதுகிறவர்களைப்போல் நிற்க நேர்ந்தது. டெபிக்கி சாயலில் வியப்பூட்டும் அளவுக்கு வெற்றி கண்டார். 1995இல் டயானா பிபிசிக்கு அளித்த பேட்டியை மறுபடியும் அவர் நடித்துக் காட்டுகிறபோது, அதே பார்வை, அதே இழுத்த குரல். பார்த்து முடித்ததும் எவ்வளவு அச்சாக இருக்கிறது என்ற பாராட்டுதான் மனத்தில் மிஞ்சுகிறது. டயானாவைப் பற்றி முன்பு தெரியாத எதுவும் தெரிந்துவிடவில்லை. சாயலை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் கண்ணுக்கு உள்ளத்தைப் பார்க்க நேரம் இருப்பதில்லை. பழைய நடிகர்களே தொடர்ந்திருந்தால், சேர்த்து வைத்த பரிவாவது இந்த ஒப்பீட்டைச் சற்றுத் தணித்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்கு அந்த முதலும் கிடையாது. இமெல்டா ஸ்டான்டன் போன்ற பெரும் நடிகையை ஐந்தாவது சீசனின் பெரும்பகுதியில் மகன் மருமகள் பூசலைக் கவலையோடு கேட்டுக்கொண்டிருக்கிறவராக வைத்துவிட்டதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. மரணத்துக்குப் பிறகு டயானா தோன்றிச் சார்ல்ஸிடமும் அரசியிடமும் பேசுகிற ஆறாவது சீசன் காட்சிகளைப் பற்றி, அவை வேண்டியிருக்கவில்லை என்பதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். சாம்ராஜ்யம் கலைந்துகொண்டிருந்த காலத்தின் கதையான இதில், அந்தச் சாம்ராஜ்யத்தின் பிரஜைகளாக இருந்தவர்கள் பெரும்பாலும் பின்னணித் திரைச்சீலையாகவே வருகிறார்கள். 1961இல் கானாவில் அதிபர் நக்ரூமாவோடு அரசி நடனமாடியது நடந்த செய்தி. ஒரு தேசத்தின் வெளியுறவுக் கொள்கையே அந்த நடனத்தில் திரும்பிவிட்டதுபோலவும், அதற்கும் கென்னடியின் மனைவிமேல் அரசிக்கு எழுந்த பொறாமையே காரணம்போலவும் இரண்டாவது சீசன் அதைச் சித்திரித்தபோது, காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடொன்றில் பிறந்தவன் என்ற முறையில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாயிற்று.

இந்த இரண்டு குறைகளுக்கும் ஒரே பரிகாரத்தைத் தொடரே ஓரிடத்தில் தொட்டிருக்கிறது என்பதனால்தான் ஐந்தாவது சீசனை முழுதுமாகக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அதன் மூன்றாவது எபிசோடு, எகிப்தில் பிறந்த வியாபாரி முகமது அல் ஃபயதுக்கும், பஹாமாஸ் தீவுக்காரரான சிட்னி ஜான்சனுக்கும் உரியது. முடிதுறந்த எட்டாம் எட்வர்டின் அந்தரங்கப் பணியாளராகப் பல்லாண்டுகள் இருந்தவர் ஜான்சன். பாரிஸ் நகரத்து ரிட்ஸ் ஹோட்டலை வாங்கிய ஃபயது, அங்கே பரிமாறிக்கொண்டிருந்த அந்தக் கறுப்பரை நிறத்துக்காக அகற்றச் சொல்கிறார். அவர் யாரிடம் இருந்தவர் என்று தெரிந்ததும் தமக்கே ஆசானாக அமர்த்திக்கொள்கிறார். எப்படி உடுப்பது, எதை வாசிப்பது, தேநீரை எப்படி அருந்துவது என்று, ஆண்டவர்களின் ஆசாரங்களை ஆளப்பட்ட ஒருவர் ஆளப்பட்ட இன்னொருவருக்குக் கற்பிக்கிறார். அந்த ஆசாரங்கள் எல்லாம் கைவந்த பிறகும், குதிரைக் காட்சியில் அரசியின் பக்கத்து நாற்காலி ஃபயதுக்குக் கிடைப்பதில்லை. சலீம் தாவும் ஜூட் அகுவுடிகேயும் நடிக்கிறபோது யாருடைய சாயலையும் நாம் தேடவில்லை, ஏனெனில் அந்த முகங்கள் நம் ஞாபகத்தில் இல்லை. பிற்காலத்துக்கு வரவர, ஆசிரியர் எல்லோரும் அறிந்த பேட்டிகளையும் விவாகரத்துகளையும் விட்டு, அரண்மனையின் வெளிவாசலில் நின்ற இத்தகைய மனிதர்களிடம் தம் எபிசோடுகளை ஒப்படைத்திருக்கலாம். அப்போது இரண்டாம் முறை மாறிய முகங்களுக்கும் முதல் முறைக்கு இருந்த நியாயம் இருந்திருக்கும்.