பட்டும் பெயரும்: ஓவியங்களில் உயர்குடிப் பெண்டிர்

பெரிய காஞ்சிபுரத்துத் தறிகளில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாகக் கோர்வையிட்டு நெய்யப்படும் பட்டு, உடுத்துபவளின் செல்வநிலையைச் சொல்லாமல் சொல்லிவிடும். அவளது குணத்தைச் சொல்லும் ஆற்றல் அதற்கில்லை. உயர்குடிப் பெண்டிரின் ஓவியங்களை நோக்கும்போதும் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும் என்பது நம் கருத்து. உருவ ஓவியம் பற்றிய மார்க்கச் சட்ட விவாதம் தனியே ஆராயத்தக்கது. இங்கு ஓவியங்களை வரலாற்றுச் சான்றுகளாகவே கொள்கிறோம்.

2008இல் சென்னை சில்க்ஸ் நிறுவனம், ராஜா ரவிவர்மாவின் 11 ஓவியங்களை நெய்து 'விவாஹ பட்டு' என்னும் சேலையை உருவாக்கியது. ஏறத்தாழ 40 இலட்சம் ரூபாய் விலையால் அது கின்னஸ் பதிவிலும் இடம்பெற்றது. அதன் முந்தானையை அலங்கரிப்பது, பல பகுதிப் பெண்கள் இசைக்கருவிகளுடன் கூடியிருக்கும் 1889ஆம் ஆண்டு ஓவியம். அவர்களுள் முஸ்லிம் பெண்ணும் உண்டு. உடையால் அவளது சமூகத்தை அறிகிறோம். அவள் யாரென்பதை அறிய வழியில்லை.

இவ்வேறுபாடு 1893இல் சிகாகோ கண்காட்சிக்கு ரவிவர்மா அனுப்பிய பத்து ஓவியங்களில் மேலும் தெளிவாகிறது. 'இதோ அப்பா வருகிறார்' என்பது அவற்றுள் ஒன்று. அதில் நிற்பவர் ஓவியரின் மகள் மகாபிரபா. இடுப்பில் குழந்தை, அருகே நாய், பார்வையோ சட்டகத்துக்கு வெளியே, வருகின்ற கணவரை நோக்கியது. காண்போரைப் பொருட்படுத்தாத அந்நோக்கிலேயே குடிப்பெருமையும் மனநிறைவும் வெளிப்படுகின்றன. அதே வரிசையில் இடம்பெற்ற மற்றொன்று, 'நீராடும் பேகம்'. 'பேகம்' என்பது பட்டமேயன்றிப் பெயரன்று. தம் மகள் தாயாக நிற்க, பிற சமூகத்து உயர்குடிப் பெண் குளியலறையில் காட்டப்படுகிறாள்.

பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்ணை ஓவியர் நேரில் கண்டிருக்க இயலாது என்று சிலர் சமாதானம் கூறலாம். அது ஓரளவே பொருந்தும். முகலாய ஓவியர்களுக்கும் அத்தடை இருந்தது; அவர்கள் தீட்டிய சீமாட்டிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த அழகியரே. ஆயினும் அபுல் ஹசன் தீட்டியதாகக் கருதப்படும் நூர்ஜஹான் ஓவியத்தைக் காண்க. இராம்பூர் ரஸா நூலகத்தில் உள்ள அதில், தலைப்பாகை அணிந்த பேரரசி துப்பாக்கிக்கு மருந்து கெட்டித்துக்கொண்டு நிற்கிறார். 1617இல் அவர் ஆறு தோட்டாக்களில் நான்கு புலிகளை வீழ்த்தியதை ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் வியந்து பதிவு செய்துள்ளார். முகச்சாயல் மெய்யானதா என்ற ஐயம் எழலாம். கைகள் புரியும் வினையில் ஐயமில்லை. தலைப்பாகை தகுதியைச் சொல்கிறது. வினை குணத்தைச் சொல்கிறது.

எனவே குறை திரையில் இல்லை. திரைக்கு அப்பால் இருப்பவளுக்கும் பெயரும் செயலும் உண்டென்று ஏற்கும் மனமே ஓவியருக்கு முதல் தேவை. முந்தானையில் மின்னும் சரிகை எத்துணை விலை பெறினும், அம்மனம் இல்லாக் குறையை அது ஈடுசெய்யாது.