குறிப்பறிதல் யார் கடன்?

திருக்குறளின் 133 அதிகாரங்களுள் ஒரே பெயர் இரண்டு அதிகாரங்களுக்குத் தலைப்பாக அமைந்திருப்பது ஓர் இடத்தில்தான். பொருட்பாலில் அமைச்சியலைச் சேர்ந்த 71ஆம் அதிகாரமும் ‘குறிப்பறிதல்’. இன்பத்துப்பாலில் களவியலைச் சேர்ந்த 110ஆம் அதிகாரமும் ‘குறிப்பறிதல்’. சொல்லை எண்ணி எடுத்து வைக்கும் புலவர், வேறு பெயர் வாய்க்காமையால் பழைய பெயரையே மறுபடியும் இட்டுவிட்டார் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் பள்ளிகளில் இச்செய்தி வினாவிடைத் துணுக்காகவே நின்றுவிடுகிறது. ‘இருமுறை வரும் அதிகாரம் எது?’ என்று ஆசிரியர் கேட்கிறார். மாணவர் விடை சொல்கின்றனர். பாடம் மேலே செல்கிறது. ஏன் இருமுறை என்று கேட்பார் அரியர்.

கேட்கத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படுபவர் பரிமேலழகர். 71ஆம் அதிகாரத்தின் கருத்து, அரசர் கருதியதை அவர் கூறாமலே அறிதல் என்பது அவர் கொள்கை. 110ஆம் அதிகாரத்துக்கோ அவர் சொல்லும் கருத்து விரிந்தது: தலைமகன் தலைமகளின் குறிப்பை அறிதல், தோழியின் குறிப்பை அறிதல், தோழி அவ்விருவர் குறிப்பையும் அறிதல் என மூன்று. காதலில் பார்வை மூன்று திசையிலும் ஓடுகிறது. அரசவையில் மட்டும் அது கீழிருந்து மேலே, ஒரே திசையில் செல்கிறது. அமைச்சன் அரசன் முகத்தைப் படிப்பான். அரசன் யார் முகத்தையும் படிக்க வேண்டுவதில்லை.

இதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. இதன் முன்னே நிற்பது ‘மன்னரைச் சேர்ந்தொழுதல்’. பின்னே நிற்பது ‘அவையறிதல்’. இடம் நோக்கிப் பொருள் கொண்டார் உரையாசிரியர். ஆனால் அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் படித்துப் பார்ப்பவர், அவற்றுள் ஒன்றிலேனும் அரசன் என்ற சொல்லோ அமைச்சன் என்ற சொல்லோ இல்லாமையைக் காண்பர். குறிப்பை அறிபவன் உலகுக்கே அணி என்று முதற்குறள் தொடங்குகிறது. அரண்மனைக்கு அணி என்று சொல்லவில்லை.

703ஆம் குறள் குறிப்பறிவாரை ‘உறுப்பினுள்’ எதைக் கொடுத்தேனும் பெறுக என்கிறது. இங்கே உறுப்பு என்பதற்குப் பரிமேலழகர் அரசனுடைய புறத்து உடைமைகள் என்று பொருள் காண்பார். அடுத்த இரண்டு குறள்களிலும் அதே சொல் வருகிறது. குறிப்பறிவாரும் அறியாதாரும் உறுப்பால் ஒத்திருப்பினும் வேறானவர் என்பது 704. குறிப்பை உணராத கண், உறுப்புகளுள் என்ன பயன் உடையது என்பது 705. இவ்விரண்டிலும் உறுப்பு என்பது உடம்பின் உறுப்பே என்பதில் ஐயமில்லை. மூன்று குறளில் அடுத்தடுத்து நிற்கும் ஒரு சொல்லுக்கு முதலில் மட்டும் யானையும் குதிரையும் நாடும் பொருளாவது, உரைத்திறத்தைக் காட்டுகிறதே தவிர மூலத்தின் ஓட்டத்தைக் காட்டவில்லை.

இன்னும் தெளிவான சான்று 708. ஒருவனுக்கு உற்றதை அவன் உள்ளத்தை நோக்கி உணர வல்லவர் கிடைத்தால், அவர் முகத்தை நோக்கி அவன் நின்றாலே போதும் என்பது அதன் கருத்து. குறை உடையவன் நிற்கிறான்; தீர்க்க வல்லவன் பார்க்கிறான். பார்வை இங்கே மேலிருந்து கீழே இறங்குகிறது. வாய்திறந்து கேட்க இயலாதவனுக்காக எழுதப்பட்ட குறள் இது. அரசவை அதிகாரம் என்று பெயர் சூட்டிவிட்டால் இக்குறளின் உயிர் போய்விடும்.

மலாயாத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தவர்க்கு இவ்வேற்றுமை ஏட்டுச் சண்டையாகத் தோன்றாது. துரையின் முகம் பார்த்துக் கங்காணியும், கங்காணியின் முகம் பார்த்துத் தொழிலாளியும் நடந்த உலகம் அது. கீழுள்ளவன் மேலுள்ளவனின் குறிப்பை அறியாவிட்டால் பிழைப்பு இல்லை. மேலுள்ளவனோ குறிப்பை அறிவதற்கு மாறாகக் குறிப்பைக் கட்டளையிட்டுப் பெற்றான். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் வைத்த கோரிக்கைகள் கூலி உயர்வோடு நிற்கவில்லை. துரைமாரையும் கிராணிமாரையும் வழியில் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. வண்டியிலிருந்து இறங்கியது மரியாதைக் குறிப்பு என்று துரை எண்ணியிருக்கலாம். இறங்கியவன் நெஞ்சில் இருந்தது என்ன என்பதை வேலைநிறுத்தம் சொல்லிற்று. அதிகாரத்தின் முன் காட்டப்படும் மெய்க்குறிப்பு உள்ளத்தின் குறிப்பாக இருந்தே தீரும் என்பதில்லை.

வகுப்பறையும் ஒரு வகை அவைதான். அங்கே மேலிருப்பவர் ஆசிரியர். நாற்பது பிள்ளைகள் அவர் முகத்தைக் காலையிலேயே படித்துவிடுகின்றனர். இன்று பிரம்பு பேசுமா, வாய் பேசுமா என்பது வருகைப் பதிவேடு திறக்கும் முன்பே அவர்களுக்குத் தெரியும். அமைச்சர் தேர்வு வைத்தால் அத்தனை பேரும் தேறுவர். ஆசிரியர் அவர்களை எத்துணைப் படித்திருக்கிறார் என்பதே கேள்வி. ‘புரிந்ததா?’ என்று கேட்கிறார். ‘புரிந்தது ஐயா’ என்று வகுப்பு ஒரே குரலில் முழங்குகிறது. அந்தக் குரலைக் கேட்டு மனநிறைவு கொள்பவர், 705ஆம் குறள் கேட்ட கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவராகிறார்.

இனி, மற்றொரு பக்கத்திலிருந்து வரும் இடர்ப்பாடு. உடல்மொழி என்ற பெயரால் இக்காலத்தில் எத்தனையோ கையேடுகள் விற்பனையாகின்றன. ஆசிரியர்க்கான பயிலரங்குகளிலும் அவற்றின் சாரம் பரிமாறப்படுகிறது. கையைக் கட்டிக்கொண்டு நிற்பவன் உள்ளே எதிர்க்கிறான், கண்ணைப் பாராதவன் எதையோ மறைக்கிறான் என்பன போன்ற வாய்பாடுகள் அவற்றில் மலிந்துள்ளன. தமிழ்ப் பிள்ளை பெரியவர் முன் கைகட்டி நிற்பது பணிவு. ஆசிரியர் கடிந்துகொள்ளும்போது அது தரையைப் பார்ப்பது, எதிர்த்துப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் கற்பிக்கப்பட்டதனால். மேல்நாட்டு அலுவலகங்களை மனத்தில் வைத்து எழுதிய நூலை அப்படியே கொண்டுவந்து தோட்டத்துப் பிள்ளையின்மேல் வைத்தால், பணிவு எதிர்ப்பாகவும் நாணம் பொய்யாகவும் தெரியும்.

செய்தி பரிமாற்றத்தில் சொல்லுக்கு 7 விழுக்காடு, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்றொரு கணக்கும் மேடைதோறும் கேட்கிறது. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்னும் உளவியலறிஞர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டது அது. விருப்பு வெறுப்பைப் புலப்படுத்தும்போது சொல்லும் குரலும் முகமும் முரண்பட்டால் எதிரிலிருப்பவர் எதை நம்புகிறார் என்பதை அறியச் செய்த ஆய்வுகள் அவை. எல்லாப் பேச்சுக்கும் இக்கணக்குப் பொருந்தாது என்று அவரே கூறியிருக்கிறார். பொருந்துமாயின் ஏழாம் வாய்பாட்டை ஆசிரியர் புருவத்தால் நடத்திவிடலாமே!

அத்தகைய அகராதி முறையை வள்ளுவர் ஏற்கவில்லை என்பதற்கு அவர் ஒரே தலைப்பை இரண்டிடத்து வைத்ததே சான்றாகும். 709ஆம் குறள் பகையையும் நட்பையும் கண் உரைத்துவிடும் என்கிறது. அங்கே பகைவர்போல் நோக்கும் கண் பகையையே காட்டும். 1097இலோ பகையில்லாக் கடுஞ்சொல்லும் பகைத்தவர் போன்ற நோக்கும், அயலார்போல் நடித்து உள்ளே அன்பு கொண்டவரின் குறிப்பு. கண் அதே கண், நோக்கும் அதே நோக்கு, பொருளோ தலைகீழ். இடமும் உறவும் மாறியதால் பொருள் மாறிற்று. ஓரிடத்துப் பாடத்தை மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்பவன் ஏமாறுவான் என்பதை இரண்டு அதிகாரங்களையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தால்தான் உணரமுடியும். தேர்வுக்காகத் தனித்தனிக் குறளாகப் பிரித்துப் படித்தால் இது கிட்டாது.

110ஆம் அதிகாரத்தில் வேறொரு நுட்பமும் உண்டு. பத்துக் குறள்களுள் ஒன்பதில் ‘நோக்கு’ என்ற சொல் ஏதேனும் ஒரு வடிவில் வருகிறது. வாராத ஒன்று 1096. அங்கே வெளியே அயன்மை காட்டும் சொல்லே அன்பின் குறிப்பாகிறது. ஒன்பதினுள்ளும் ஆசிரியர்க்கு மிகப் பயன்படுவது 1094. அவன் பார்க்கும்போது அவள் நிலத்தைப் பார்க்கிறாள். அவன் பாராதபோது அவனைப் பார்த்து மெல்லச் சிரிக்கிறாள். பார்க்கின்றவனின் பார்வையே பார்க்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது என்ற உண்மை இதில் அடங்கியுள்ளது. மேசைக்கு முன் நிறுத்தி, கண்ணுக்குள் பார்த்து, ‘உனக்கு என்ன குறை?’ என்று உறுக்கிக் கேட்கப்படும் பிள்ளை நிலத்தைத்தான் பார்க்கும். அதே பிள்ளை ஓய்வு வேளையில் எங்கே உட்காருகிறது, யாரோடு உணவைப் பங்கிடுகிறது, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் முகம் எப்படித் தளர்கிறது என்பவற்றைக் கடைக்கண்ணால் காண்பவர்க்கு விடை கிடைக்கும்.

காரணத்தைத் தேடுவதற்குத் தொல்காப்பியரைக் காட்டிலும் நல்ல துணை இல்லை. பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியலில் அவர் மெய்ப்பாடு எட்டு என்று எண்ணியதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் நான்கு காரணத்தால் பிறக்கும் என்று வகுத்தார். எட்டின் பெயரை ஒப்பிக்கும் மாணவர் பலர். நான்கின் அருமையை அறிந்தவர் சிலர். அழுகை என்ற ஒரே கண்ணீருக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு ஊற்றுகள். வகுப்பில் அழும் பிள்ளையைப் பிறர் இகழ்ந்திருக்கலாம். அது எதையோ யாரையோ இழந்திருக்கலாம். தோட்டம் கைமாறி, பிறந்த லயத்தை விட்டுக் குடும்பம் பெயர்ந்ததனால் முன்னை நிலை குலைந்து தளர்ந்திருக்கலாம். அசைவு என்பது அதுதான். காலணி வாங்க வழியில்லாமல் இருக்கலாம். நான்குக்கும் ‘அழாதே’ என்ற ஒரே மருந்தைக் கொடுப்பவர் மெய்ப்பாட்டியலைப் படித்தும் படியாதவர்.

நகையும் அப்படியே. எள்ளல், இளமை, பேதைமை, மடம் என்ற நான்கினுள் எள்ளல் ஒன்றே பிறரை இகழ்வது. விடை தெரியாமல் விழித்துச் சிரிக்கும் சிறுவன் ஆசிரியரை எள்ளுகிறான் என்று பிரம்பெடுத்தவர், நான்கில் ஒன்றை மட்டும் அறிந்தவர். அந்த இயலின் முடிவில் தொல்காப்பியர், கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரும் உணர்வுடையார்க்கன்றி இப்பொருள் எட்டாது என்று கூறுவார். செவியையும் சேர்த்தார் என்பது கருதத்தக்கது. மெய்ப்பாடு கண்ணுக்கு மட்டும் உரியதன்று. தடுமாறும் குரலும், வழக்கத்துக்கு மாறான அமைதியும் அதனுள் அடங்கும்.

பல இனத்தார் வாழும் இந்நாட்டில் இப்பயிற்சி மேலும் தேவைப்படுகிறது. தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, தன் தலையாட்டலையும் உடன் கொண்டு செல்கிறது. தலையைப் பக்கவாட்டில் சாய்த்து அசைப்பது தமிழரிடையே ‘சரி’ என்பதற்கு அடையாளம். அறியாதவர் கண்ணுக்கு அது மறுப்பாகத் தெரியும். மலாய்க்காரர் சுட்டுவிரலை நீட்டுவது மரியாதையன்று என்று கருதி வலக்கைப் பெருவிரலால் இடத்தைச் சுட்டுவர். சீனர் இரு கையாலும் பொருளை நீட்டுவர். இவற்றை ஆறாம் ஆண்டிலேயே சொல்லிக்கொடுப்பதற்குப் பாடநூல் தேவையில்லை; குறிப்பறிதல் பாடம் நடக்கும் அரைமணி நேரம் போதும்.

அரசவை, களவு என்ற இரண்டிடத்தோடு வள்ளுவர் முடிக்கவில்லை. கற்பியலில் 128ஆம் அதிகாரமாகக் ‘குறிப்பறிவுறுத்தல்’ வருகிறது. அறிதல் அங்கே அறிவுறுத்தல் ஆகிறது. குறிப்பைத் தருபவரும் செயலுடையவர் என்பது வெளிப்படுகிறது. 1279இல் தலைவி தன் வளையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், அடியைப் பார்த்தாள். அங்கே அவள் செய்தது அவ்வளவே. நீர் பிரிந்தால் வளை கழலும், தோள் மெலியும், ஆகையால் இக்கால்கள் உம்மோடு வரும் என்று உரைகாரர் விரித்துரைப்பர். மூன்று பார்வையில் ஒரு விண்ணப்பம். அதைப் படித்துத் தலைவனுக்கு எடுத்துரைக்க அவளுக்குத் தோழி ஒருத்தி இருந்தாள். தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் முதலில் தன் பையையும், பிறகு கதவையும், பிறகு ஆசிரியரின் கையிலுள்ள பட்டியலையும் பார்க்கும் பிள்ளைக்குத் தோழி கிடையாது.